அக்கா பறிக்க விடாத வரப்புப் பூக்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்கு மாலை இல்லை. அச்சகத்துக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "கம்ப்யூட்டர்லயே ஒரு ரோஜா மாலை போட்டுறலாமுங்க, பார்க்க நிறைவா இருக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். இன்று வீட்டுக்கு வருகிறவர்கள் நடு அறையில் மாட்டியிருக்கும் பெரிய படத்தையும் பார்ப்பீர்கள். அதிலும் ஒரு பூ இருக்காது. பூவும் பொட்டுமாகப் போன பெண்ணுக்கு வருஷ நாளில் ஒரு முழம் பூ வைக்க இந்த வீட்டில் ஆள் இல்லையா என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அக்காவின் ஒரே தங்கை. கல்யாணமாகி வந்த சிங்காநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணியை வெட்டித் தைக்கத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஈரோட்டுக்குத் தெற்கே, மஞ்சள் விளையும் ஒரு ஊரில். எங்களுக்குச் சொந்தமாகக் காடு, நிலம் எதுவும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மஞ்சள் வேக வைக்கும் நாட்களில் இருவரும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். என்னைக் குளிப்பாட்டி, சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுவது அக்காவின் வேலை. தினமும் தாமதமாகப் போய் வெளியே நிற்பார். என்னால்தான் என்று ஒரு நாளும் வாத்தியாரிடம் சொன்னதில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கிணறும் கொஞ்சம் நிலமும் உள்ள குடும்பம் என்பதில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் பலரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கக்கா மாதிரி தைரியசாலிய பார்த்ததே இல்லீங்க" என்றார்கள். நான் தலையாட்டினேன். அது உண்மையில்லை. நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் என் அக்காதான். இடி இடித்தால் பயம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரப் பயம். எல்லாவற்றுக்கும் மேல் குளவி என்றால் உயிரே போய்விடும். சின்ன வயதில் ஒரு மோட்டார் ரூம் கதவைத் திறந்தபோது கூட்டமாக வந்து முகத்தில் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு குளவி பறக்கும் சத்தம் கேட்டாலே முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு ஓடுவார். கல்யாணத்துக்குப் பிறகும் ஓடுவார். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றது. கத்திரிக்காய்க்குப் புழு விழுந்திருந்த நேரம். மாமா முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கப் போனார். எதிர்க்காற்று. ஸ்பிரேயரின் வாய் சரியாக மூடாமல் முதுகெல்லாம் ஒழுகியிருக்கிறது. ஈரச் சட்டையோடே முழுக் காட்டையும் அடித்து முடித்தார். அக்கா சோறு கொண்டு போனபோது மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். வாயில் நுரை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஓடி வந்து, கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள்.

மாமா பிழைத்தார். ஆனால் டாக்டர் சொன்னது அக்காவை விட்டுப் போகவேயில்லை. இது மூக்கு வழியாக மட்டுமில்லை, தோல் வழியாகவும் உள்ளே போகும், இன்னொரு தடவை இப்படிக் கொண்டு வந்தால் நான் எதுவும் சொல்ல முடியாது என்றாராம். அன்றிலிருந்து அக்கா அதை மருந்து என்று சொல்வதையே விட்டுவிட்டார். விஷம் என்றுதான் சொல்வார். கடைக்காரரிடம்கூட அப்படியேதான் பேசுவார், அவருக்கு முகம் சுருங்கிப் போகும்.

கொஞ்ச நாள் கூலிக்கு ஆள் விட்டு அதை அடித்தார்கள். அதுவும் அக்காவுக்கு ஆகவில்லை. அந்த ஆள் வேலை முடித்துக் கை கால் கழுவிச் சாப்பிட்டுக் கிளம்பும் வரைக்கும் வாசலிலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தலை சுத்துதுங்களா? கண்ணு மங்கலாத் தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் பொறுக்க மாட்டாமல், "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறவன நீங்களே படுக்க வெச்சுருவீங்களாட்ட இருக்குது" என்றாராம். இன்னொரு பக்கம் பாப்பாவைப் பற்றிய பயம். அக்காவின் மகளை நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குக் காட்டில் நின்று பச்சைக் காயைப் பறித்துக் கடிக்கும் பழக்கம்.

அந்தச் சமயம் வேளாண்மைத் துறைக்காரர்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பேசிய பெண் அதிகாரி, வரப்பைச் சுற்றிப் பூச்செடி வைத்தால் பூவிலிருக்கும் தேனுக்கும் மகரந்தத்துக்கும் சில பூச்சிகள் வரும், அவை அங்கேயே தங்கி, பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் கேட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பியபோது அக்கா மட்டும் எழுந்து, "என்னென்ன பூச்சிங்க வருமுங்க?" என்று கேட்டார். பொறிவண்டு வரும், கண்ணாடி மாதிரி இறக்கை உள்ள பச்சைப் பூச்சி வரும், சின்னச் சின்னக் குளவிகள் வரும் என்றார் அந்த அம்மா.

அன்று எனக்குப் போன் செய்தார். "கண்ணு, குளவிய நானே கூப்பிட்டு காட்டுக்குள்ள விடோணுமாமா" என்றார். நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத அம்மணி. விஷத்துக்குப் பயப்படறதா, குளவிக்குப் பயப்படறதான்னு யோசிச்சுப் பார்த்தேன். குளவி கொட்டுனா வீங்கும். அவ்வளவுதான?" என்றார்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வெளி வரப்பில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் வைத்தார். வாய்க்கால் ஓரத்தில் தட்டைப்பயறு. இடையிடையே கொத்தமல்லியைத் தூவி, கீரையாகப் பிடுங்காமல் பூக்க விட்டார். ஸ்பிரேயரை மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை ஓர் ஊக்கில் கோத்துத் தன் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டார். மாமா அதைப் பார்த்து, "என்னைய நம்பல, அப்படித்தான?" என்று கேட்டதற்கு, "உங்கள நம்பறனுங்க. உங்க அவசரத்த நம்பலீங்க" என்றார்.

முதல் வருஷம் அக்கா தூங்கியதாக எனக்குத் தெரியவில்லை. பூ பூத்தது, ஆனால் வர வேண்டியவை வரவில்லை. கத்திரி பாதிக்கு மேல் புழுவாகப் போனது. ஊரில், "காய்க்காடு வெச்சிருக்கீங்களா, பூங்கா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அக்கா தினமும் காலையில் செடி செடியாக இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "நாந்தான் அறியாத்தனமாப் பண்ணிப்போட்டனோ? குடும்பத்தையே கெடுத்துப்போட்டனோ?" என்பார். நான் என்ன சொல்ல? எனக்கு ஜாக்கெட் அளவு தெரியும், பூச்சி தெரியுமா? பயப்படாதே அக்கா என்று சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்து நான் பயந்துகொண்டிருப்பேன்.

அடுத்தடுத்த வருஷங்களில் வந்தன. முதலில் பொறிவண்டு, பிறகு பெயர் தெரியாத என்னென்னவோ. புழு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பட்டத்து விளைச்சலிலும் கொஞ்சம் அதற்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஸ்பிரேயர் திரும்ப வெளியே வரவில்லை. சுற்றி உள்ள நாலைந்து காட்டிலும் வரப்பில் பூ வைக்க ஆரம்பித்தார்கள். பூங்காவா என்று கேட்டவரே முதலில் வந்து விதை வாங்கிப் போனார்.

ஒரு பொங்கல் லீவுக்கு நான் போயிருந்தபோது தட்டைப்பயற்றுச் செடியில் கன்னங்கரேலென்று, முதுகெல்லாம் முள்ளாக, நடுவில் மஞ்சள் புள்ளியோடு ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. வீல் என்று கத்திக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். "ஐயோ, நசுக்கிப்போடாத கண்ணு!" என்று அக்கா என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். அது பொறிவண்டின் குஞ்சாம். வளர்ந்துதான் சிவப்புச் சட்டை போட்ட அழகான வண்டு ஆகுமாம். பெரிய வண்டு தின்பதைவிட இதுதான் செடியின் சாற்றை உறிஞ்சும் செடிப்பேனை அதிகம் தின்னுமாம். இவ்வளவையும் அக்கா எங்கே நின்று சொன்னார் தெரியுமா? நாலடி தள்ளி நின்று, ஒரு குச்சியை நீட்டிக் காட்டித்தான் சொன்னார். அவருக்கும் அதைப் பார்த்தால் அருவருப்புதான், பயம்தான். பயந்துகொண்டே காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் பூ பறிக்கிற விஷயம் வருகிறது. அக்கா வரப்பில் ஒரு பூவைக்கூட யாரையும் பறிக்க விட மாட்டார். ஆயுத பூஜைக்குச் செண்டுமல்லி கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். காபி கொடுப்பார், காய் கொடுத்து அனுப்புவார், பூ மட்டும் தர மாட்டார். தன் வீட்டு பூஜைக்கே கடையில் பூ வாங்குவார். "ஊட்டச் சுத்திப் பூவ வெச்சுக்கிட்டுக் கடையில பூ வாங்கறவ இந்த ஊர்லயே இவ ஒருத்திதான்" என்று மாமாவின் பெரியம்மா கேலி செய்வார். எனக்கு அவர் பெரியத்தை முறை. குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவர். அக்கா ஏன் பறிக்க விடவில்லை என்பது எங்கள் உறவில் பலருக்குப் புரியவில்லை. பூ மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கருமித்தனம் என்றும் சிலர் நினைத்தார்கள். பூச்சிக்காக வைத்த பூ என்று அக்கா சொன்னால் அது ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடுவார்கள்.

போன கார்த்திகையில், அவரைக் கொடிப் பந்தலுக்கு அடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ரத்தக் கொதிப்பு காரணம் என்றார் டாக்டர். இத்தனை வருஷம் பயந்து பயந்தே வந்ததா டாக்டர் என்று கேட்டேன். ஸ்கேன் எடுக்க நகையைக் கழற்றச் சொன்னபோது நர்ஸ் ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். அதில் அந்தச் சாவியும் இருந்தது.

ஒரே ஒரு நாள் அக்காவுக்கு நினைவு திரும்பியது. பேச்சு குழறியது. பாப்பாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா வெளியே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும். அவரு விஷத்துக்கிட்டப் போகாமப் பார்த்துக்க. எனக்கு அது ஒன்னுதான் பயம்" என்றார். சரி என்றேன். சாவைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பயந்து பேசவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது பெரியத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "பொட்டோட போறா மகராசி. பூவுக்குக் குறை வெக்கக் கூடாது. உசுரோட இருந்த மட்டும் யாருக்கும் ஒரு பூவத் தராதவ, எல்லாத்தையும் அவளே கொண்டு போகட்டும்." கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. ஆணும் பெண்ணுமாக வரப்புக்குப் போனார்கள். கூடை கூடையாகச் செண்டுமல்லி வந்தது. சூரியகாந்தியைத் தண்டோடு வெட்டிக் கொண்டு வந்தார்கள். பாடைத் தேர் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறைந்தது. அக்காவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. மாமா தானே ஒரு கூடையைத் தூக்கி வந்து காலடியில் கொட்டினார். அன்பில் செய்தது. அங்கே இருந்த யாரும், அக்காவோடு அத்தனை வருஷம் வாழ்ந்த மாமாகூட, அந்தப் பூ எதற்காக அங்கே நின்றது என்பதை அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

காரியம் முடிந்து நான் சிங்காநல்லூர் திரும்பும்போது வரப்பைப் பார்த்தேன். மொட்டைக் குச்சிகள் நின்றன.

மார்கழிப் பனி இறங்கியதும் அவரையில் செடிப்பேன் விழுந்தது. அது அக்கா கடைசியாக விதைத்த பயிர். பூக்காம்பு தெரியாமல் கறுப்பாக அப்பிக்கிடக்கிறது, பிஞ்சு பிடிக்காமல் உதிர்கிறது என்று பாப்பா போனில் சொன்னாள். "அப்பா சாப்பிடறதில்ல சித்தி. பந்தலுக்குக் கீழயே நின்னுக்கிட்டு இருக்காரு" என்றாள். இரண்டு நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த மோட்டார் ரூம் சாவி உங்ககிட்டத்தான இருக்குது?"

"எதுக்குங்க மாமா?"

"சும்மாதான்."

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. நான் சாவியைத் தர மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்கக்கா கையால வெச்ச கொடி அம்மணி. அது கண்ணு முன்னால சாகுது. இது போச்சுன்னா அவ செஞ்சது எல்லாமே வீண்னு ஊரு சொல்லும். ஒரே ஒரு தடவ அடிச்சுப்போட்டா நின்னுக்கும்" என்றார். அக்காவிடம் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பாப்பா கல்லூரிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். அப்பா பக்கத்துக் காட்டில் ஸ்பிரேயர் இரவல் வாங்கி வைத்திருக்கிறார் என்றாள். மாமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். காந்திபுரத்தில் நெரிசலுக்கு நடுவில் நின்றுகொண்டு போனைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு மணியும் அடித்து ஓயும்போது தொட்டிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த உருவம் கண்ணில் வந்தது. அன்றைக்குச் சோறு கொண்டு போக அக்கா இருந்தார். இன்றைக்கு யார் போவார்கள்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?" என்று தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிக்கக்கூட முடியவில்லை. அக்கா வாழ்நாள் முழுக்க எதைச் சுமந்துகொண்டு நடந்தார் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரில் இறங்கி ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். தொட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தேன். மாமா மண்ணில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்பிரேயர், தண்ணீர் நிரப்பியது. மடியில் பாட்டில். மூடி திறக்கவில்லை.

"வாங்க அம்மணி" என்றார், விருந்துக்கு வந்தவளைக் கூப்பிடுவது போல. பிறகு கையை நீட்டிக் காட்டினார். "காலையில இருந்து மூடியத் திருகப் பார்க்கறேன். கை நிக்க மாட்டீங்குது. உங்கக்கா பின்னாடியே நிக்கற மாதிரி இருக்குது. எனக்குப் பயமா இருக்குது அம்மணி." அக்காவின் பயத்தைக் கேலி செய்து சிரித்த மனிதர் சின்னப் பிள்ளை போல அழுதார். நான் பாட்டிலை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதாக்கொறைக்கு இப்ப புதுசா ஒரு புழு வேற வந்து சேர்ந்திருக்குது. இனி ஒரு இலைகூட மிஞ்சாதாட்ட இருக்குது" என்று ஒரு கொடியை இழுத்துக் காட்டினார். செடிப்பேன் அப்பிய காம்பில், கன்னங்கரேலென்று, முதுகெல்லாம் முள்ளாக, நடுவில் மஞ்சள் புள்ளியோடு அது ஊர்ந்தது. ஒன்று இல்லை. அடுத்த காம்பில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. மாமா கட்டைவிரலால் நசுக்கப் போனார்.

"ஐயோ, நசுக்கிப்போடாதீங்க மாமா!" என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே அக்காவின் குரலாகக் கேட்டது. அது பொறிவண்டின் குஞ்சு, செடிப்பேனைத் தின்ன வந்திருக்கிறது என்று சொன்னேன். மாமா நம்பாமல் பார்த்தார். சிவப்பு வண்டைத்தான் அவருக்குத் தெரியும், இலையைத் திருப்பிப் பார்ப்பதெல்லாம் எப்போதும் அக்காதான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் புழு ஒரு செடிப்பேனைப் பிடித்தது. மென்றது. அடுத்ததைப் பிடித்தது.

"பூவத்தான் எல்லாம் பறிச்சுப்போட்டமே. இது எங்க இருந்து வந்துச்சு?" என்று மாமா கேட்டார்.

எழுந்து வாய்க்கால் ஓரமாகப் போனோம். தட்டைப்பயறு பூத்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் கொத்தமல்லி வெள்ளைவெள்ளையாகப் பொடிப் பூவாகப் பூத்துக்கிடந்தது. அதன் மேல் சிவப்பு வண்டுகள், கண்ணாடி இறக்கைகள், எறும்பளவுக் குளவிகள். கொத்தமல்லிப் பூவைத் தேரில் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அன்று கூடையோடு வந்த அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் செண்டுமல்லிக்குப் போயிருக்கிறார்கள். மிதித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். அது பூ என்றே அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. மாமா குனிந்து அந்தச் செடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. பூக்காடு பாதி மொட்டையாக இருந்ததால் வந்தவை கொஞ்சம்தான். மேற்கு ஓரத்துக் கொடிகள் காய்ந்தே போயின. நான் கடையை மூடிவிட்டு அங்கேயே தங்கினேன். தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு நாள் பொறிவண்டுக் குஞ்சு குறைவாகத் தெரியும். நான் அறியாமல் மாமாவைத் தடுத்துவிட்டேனோ, அக்காவின் கடைசிப் பயிரை நானே அழிக்கிறேனோ என்று பயம். போன் செய்து கேட்க எனக்கு அக்கா இல்லை. தை பிறந்த பிறகுதான் கறுப்பு மெல்ல விலகிப் பச்சைக் காம்பு தெரிந்தது. மிஞ்சிய கொடிகள் காய்த்தன. முதல் பறிப்பை மாமா வீட்டுக்குக் கொண்டு வந்து அக்கா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, போய்க் கை கழுவினார்.

இந்த வருஷம் முழுக்க எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முன்பு மாமாவையும் பிறகு அக்காவையும் காப்பாற்றப் பாடுபட்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், அன்று வண்டியில் தூக்கிப் போட்டு ஓடிய பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும், ஸ்பிரேயரைத் திருப்பிக் கொடுத்தபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டவருக்கும், சமுதாயக் கூடத்தில் அக்காவின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன அந்த அதிகாரி அம்மாவுக்கும், பஸ்ஸில் தண்ணீர் கொடுத்த முகம் தெரியாத அம்மாவுக்கும் எங்கள் கும்பிடு. கடைசியாகப் பெரியத்தைக்கு. விஷயம் தெரிந்ததும் அவர், "நாந்தான் சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, நாங்களும்தான் கூடை தூக்கினோம். ஆடி மாதம் தன் கையாலேயே வரப்பு முழுக்க விதை போட்டார். இன்று கார்த்திகையில் அத்தனையும் பூத்து நிற்கிறது. வருகிறவர்கள் பறித்துவிடப் போகிறார்கள் என்று அவர் காலையிலிருந்தே ஒரு குச்சியை வைத்துக்கொண்டு வரப்போரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வருஷமும் பந்தலில் அவரை விதை போட்டிருக்கிறோம். பனி இறங்கினால் செடிப்பேன் வரும். எனக்கு இப்போதே பயமாகத்தான் இருக்கிறது. மோட்டார் ரூம் சாவி என் தாலிக்கயிற்றில் இருக்கிறது. மாமா அதைக் கேட்பதில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

ஆகவே அக்காவுக்கு யாரும் மாலை கொண்டு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைப் பூவும் வேண்டாம், காட்டுப் பூவும் வேண்டாம்; எந்த மாலையைப் பார்த்தாலும் எங்களுக்கு அந்த மொட்டை வரப்புதான் கண்ணில் வருகிறது. படம் வெறுமையாகத்தான் இருக்கும். படத்துக்குக் கீழே பாய் விரித்து மாமா உட்கார்ந்திருப்பார். அவரைப் பாருங்கள். அக்கா பயந்து பயந்து காப்பாற்றியது அவரைத்தான்.